முப்பத்தொண்ணுல இருபத்திரெண்டு

— இன்னொரு தடவை பாரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

— அஞ்சு தடவை பாத்தாச்சு அண்ணி. போன வருஷ ரிசல்ட் இது, நூத்தி முப்பத்தொண்ணு. போன வாரம் வந்தது இது, இதுவும் நூத்தி முப்பத்தொண்ணு. நான் முறைச்சுப் பாத்தா அது பயந்துபோய் ஏறிடுமா?

— அது எப்படிம்மா? நடுவுல எட்டு மாசம் படிச்சிருக்கேன். ஒண்ணு ஏறணும், இல்ல இறங்கணும். ஆணி அடிச்ச மாதிரி அதே இடத்துல நின்னா என்ன அர்த்தம்?

— அர்த்தத்தை அப்புறம் பாக்கலாம். அஞ்சு மணிக்கு ஃபாரம் மூடிடுவான். இப்ப மூணே கால். நுழைவுத் தேர்வை மறுபடி எழுதறதா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க. பேரு, அட்ரஸ், போட்டோ எல்லாம் ஏத்தியாச்சு. ரெண்டே ரெண்டு கட்டம் பாக்கி.

— உன்னை யாரு ஏத்தச் சொன்னா?

— நீங்கதான்! காலையில போன் பண்ணி, 'என் கடிகாரமே, அரை நாள் லீவு போட்டுட்டு ஓடி வாடி'ன்னு கெஞ்சினது பக்கத்து வீட்டுக்காரியா?

— காலையில இருந்த தைரியம் வேற. இப்ப இல்ல.

— நடுவுல என்ன ஆச்சு?

— துணி துவைச்சேன். மெஷின் சுத்தறதையே பாத்துக்கிட்டு உக்காந்தேனா, யோசனை வந்துடுச்சு. மூணு தடவைதான் எழுத விடுவான். ரெண்டு போச்சு. மூணாவதும் இதே நூத்தி முப்பத்தொண்ணு வந்தா, வாழ்நாளுக்கும் கதவைச் சாத்திடுவான். எழுதாம விட்டா, 'இன்னும் ஒண்ணு இருக்கு'ன்னாவது சொல்லிக்கலாம்.

— பூட்டின பெட்டியில வச்சு அழகு பாக்கவா? அடுத்த வருஷம் எழுதறீங்களா?

— அடுத்த வருஷம் எழுதி என்ன பிரயோஜனம்? இந்த வருஷம் மேனேஜ்மென்ட் காலேஜ்ல சீட்டு வாங்கினாத்தான் எங்க ஆஸ்பத்திரி பார்மஸி சூப்பிரண்டென்ட் நாற்காலியை எனக்குன்னு வச்சிருப்பாங்க. இல்லைன்னா வெளியில இருந்து ஒருத்தர் வந்து உக்காந்துடுவாரு. வர்றவருக்கு மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் வித்தியாசம் தெரியுமோ என்னமோ.

— அப்ப இப்ப எழுதறது ஒண்ணுதான் வழி.

— தோத்தா?

— அய்யோ அண்ணி, செக்குமாடு தோத்துடும் உங்ககிட்ட. எழுதினா தோத்துடுவேன், எழுதலைன்னா நாற்காலி போயிடும், அதனால எழுதணும், எழுதினா தோத்துடுவேன். மூணு சுத்து சுத்தியாச்சு. எனக்குத் தலை கிறுகிறுங்குது.

— உனக்கென்ன, பஸ்ஸுக்கு டைம் போடற ஆபீஸ்ல உக்காந்து அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன போட்டுட்டு வந்துடுவே. எழுதறவளுக்குத்தான் தெரியும்.

— அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன போட்டா ஆயிரம் பேரு மழையில நிப்பாங்க. என் பொழப்பை அப்புறம் கிண்டல் பண்ணலாம். உங்களுக்கு ஏன் ஏறலைன்னு நீங்களே என்ன நினைக்கறீங்க?

— பயம்.

— நீங்களா? போன மாசம் ஆஸ்பத்திரி டைரக்டரையே க்யூவுல நில்லுன்னு சொன்ன ஆளு நீங்க.

— அது கவுன்ட்டர். கவுன்ட்டருக்கு உள்ள நான் புலி. உங்க அண்ணன் என்ன சொல்றாருன்னா, பரீட்சை ஹால்ல ஏசி ஜாஸ்தியாம், அதனால விரல் விறைச்சுப் போகுதாம்.

— அண்ணன் ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்தாரா?

— குடுத்தாரு. ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டுப் போனேன். வேர்த்து ஊத்தினதுதான் மிச்சம்.

— சரி, பயத்தையும் ஸ்வெட்டரையும் ஓரமா வைப்போம். ரிசல்ட்டோட இன்னொரு தாள் குடுத்திருப்பானே, பகுதி பகுதியாப் பிரிச்சு? அதை எடுங்க.

— ரெண்டையும் கவர்ல போட்டு ஒட்டி வச்சிருக்கேன், பாக்கவே கூடாதுன்னு.

— நான் பிரிச்சுப் பாக்கறேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. ம்... மொழிப் பகுதி நல்லாத்தான் வந்திருக்கு, ரெண்டு தடவையும். கணக்குப் பகுதி, கேள்வி முப்பத்தொண்ணு, நேரம் அறுபத்திரெண்டு நிமிஷம். அப்ப ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம்... அண்ணி! நீங்க இருபத்திரெண்டுக்குத்தான் பதில் போட்டிருக்கீங்க!

— அதான் நேரம் போயிடுச்சே.

— அதுல இருபத்தொண்ணு சரி. இது போன வாரம். போன வருஷம்... இருங்க... போட்டது இருபத்திரெண்டு, சரி இருபத்தொண்ணு. அட!

— என்ன அட?

— அந்த ஒண்ணைத் தவிர நீங்க தப்பே பண்றதில்ல. பதில் போட்டா சரியாத்தான் போடறீங்க. ஒன்பது கேள்விக்குப் போகவே இல்ல. வெறுமனே விட்டதுக்கெல்லாம் கழிச்சிருக்கான் பாருங்க. உங்களைக் கவுக்கறது கணக்கு இல்ல, அந்த ஒன்பதுதான்.

— இதைச் சொல்ல நீ லீவு போட்டு வரணுமா? நான் மெதுவா போடறேன். எனக்கே தெரியும். ஆஸ்பத்திரியிலயும் அதான் சொல்றாங்க, 'உங்க கவுன்ட்டர்ல க்யூ நகரவே மாட்டேங்குது'ன்னு.

— வீட்டுல மாதிரித் தேர்வு போட்டுப் பாத்தீங்களே, அதுல எத்தனை?

— வீட்டுல எல்லாத்தையும் முடிச்சிடுவேன். முப்பத்தொண்ணும்.

— அறுபத்திரெண்டு நிமிஷத்துலயா?

— அதுக்கும் முன்னாடியே. ஒரு தடவை அம்பத்தெட்டு.

— அப்ப நீங்க மெதுவான ஆளே இல்ல!

— ஹால்ல மெதுவாயிடறேன்மா. அதைத்தானே பயம்னு சொன்னேன், நீ ஓரமா வைன்னே.

— இருங்க. பயத்துக்கு ஒரு குணம் இருக்கு. ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. ஒரு நாள் பதினஞ்சு, ஒரு நாள் இருபத்தஞ்சுன்னு ஆடும். உங்களுது ரெண்டு தடவையும் இருபத்திரெண்டு. இவ்வளவு ஒழுங்கா எந்தப் பயமும் வேலை பாக்காது. எங்க ஆபீஸ்ல ஒரு வண்டி தினமும் பதினெட்டு நிமிஷம் லேட்டுன்னா அது டிராஃபிக் இல்ல. டிராஃபிக்னா ஒரு நாள் பத்து, ஒரு நாள் நாப்பது. தினமும் பதினெட்டுன்னா வழியில எங்கயோ யாரோ அதே வேலையைத் தினமும் பண்றான்னு அர்த்தம்.

— ஆரம்பிச்சுட்டாடா சாமி, பஸ் புராணத்தை.

— கேளுங்க, ஒண்ணே ஒண்ணு. ஒரு வண்டி லேட்டுன்னா எல்லாரும் டிரைவரைத் திட்டுவாங்க. நாங்க ரெண்டு நேரம் எடுப்போம். ஓடற நேரம் தனி, நிக்கிற நேரம் தனி. முக்கால்வாசி, ஓட்டம் சரியாத்தான் இருக்கும். ஏதாவது ஸ்டாப்புல தேவைக்கு மேல நின்னுருக்கும். அது ஆபீஸ்ல உக்காந்தா தெரியாது. வண்டியில ஏறி, வாட்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கூடவே போகணும்.

— அதுக்கு நான் என்ன பண்ணணும்? ஹாரன் அடிக்கணுமா?

— பேனாவை எடுங்க. அந்த மாதிரித் தேர்வு புக்குல நாலாவது தேர்வு போட்டாச்சா?

— இல்ல.

— முதல் மூணு கணக்கைப் போடுங்க. என் போன்ல டைம் ஓடட்டும். பேச மாட்டேன்.

— நீ பேசாம இருந்தா நான் எழுதிக் குடுக்கறேன் சொத்தை.

— போடுங்க அண்ணி.

— ...முடிஞ்சுது. அந்தப் பின்பக்கத்தைத் திருப்பு, பதிலைப் பாக்கலாம்.

— ஒரு நிமிஷம் நாப்பத்தெட்டு செகண்டு, ஒரு நிமிஷம் அம்பத்தஞ்சு, ஒரு நிமிஷம் நாப்பது. மூணும் ரெண்டுக்குக் கீழ. மூணும் சரி.

— அதான் சொன்னேனே, வீட்டுல வரும்.

— வீடுன்னா என்ன? இந்த நாற்காலியா? அந்த மெஷின் சத்தமா? ஹால்ல இல்லாதது ஏதோ ஒண்ணு இங்க இருக்கு. என்னது?

— நீ இருக்கே, தொணதொணன்னு.

— நான் தினமும் இருக்கறதில்லையே. எது தினமும் இருக்கு? ...கொஞ்சம் புக்கைக் குடுங்க.

— என்ன பண்றே? ஏய்! ஏய், கிழிக்காதடி! அது லைப்ரரி புக்கு!

— பின்னாடி நாலு பக்கம்தான். பதில் இருக்கற பக்கம். அப்புறமா ஒட்டிக் குடுத்துடறேன். ஹால்ல இது இருக்காது இல்ல? இப்ப அடுத்த மூணு கணக்கைப் போடுங்க.

— அந்த லைப்ரரியம்மா என்னைச் சும்மா விடுவாளா? போன தடவை ஓரத்துல பென்சிலால கோடு போட்டதுக்கே—

— நாலாவது கணக்கு. தொட்டி. நேரம் ஓடுது.

— பாவி. ...முதல் குழாய் ஆறு மணி நேரத்துல நிரப்பும், ரெண்டாவது நாலு மணி நேரத்துல, அடியில இருக்கற குழாய் பன்னெண்டு மணி நேரத்துல காலி பண்ணும். ஒரு மணி நேரத்துக்குப் பன்னெண்டுல ரெண்டு பங்கு, மூணு பங்கு, அஞ்சு. அதுல ஒண்ணு போச்சு. நாலு. அப்ப மூணு மணி நேரம்.

— ...

— மூணு மணி நேரத்துல முதல் குழாய் பாதி, ரெண்டாவது முக்கால், வெளிய போனது கால். பாதியும் முக்காலும் ஒண்ணேகால், காலைக் கழிச்சா ஒண்ணு. சரி.

— ...

— ம்... பன்னெண்டுல ரெண்டு... மூணு... ஒண்ணு போச்சு... மூணு மணி நேரம். ஆச்சு. அடுத்தது.

— நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம் அம்பத்தொண்ணு. என்ன பண்ணீங்க இப்ப?

— கணக்குப் போட்டேன்.

— விடை ஒரு நிமிஷம் நாப்பதுலயே வந்துடுச்சு. அதுக்கப்புறம் கீழ இருந்து மேல போனீங்க. அதுக்கப்புறம் போட்டதை இடது கையால மறைச்சுக்கிட்டு, புதுசா முதல்ல இருந்து போட்டீங்க.

— யாரு மறைச்சா?

— நீங்க! உள்ளங்கையை விரிச்சு, குழந்தைக்குக் கண்ணை மூடற மாதிரி.

— சும்மா கதை விடாதே.

— கையைப் பாருங்க, மை ஒட்டியிருக்கு.

— இது கவுன்ட்டர்ல பண்றது.

— எது?

— மறைக்கறது. மருந்து எடுத்துக் குடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. ஒருத்தர் டாக்டர் எழுதின சீட்டைப் பாத்து எடுத்து வைக்கணும், இன்னொருத்தர் சரிபாக்கணும். ரெண்டு பேரு இல்லாம ஒரு மாத்திரை வெளிய போகக் கூடாது. மூணு வருஷம் முன்னாடி கூட இருந்தவரு ரிட்டயர் ஆனாரு. அந்த இடத்தை நிரப்பவே இல்ல. தனி ஆளா இருந்தா என்ன பண்றதுன்னா, ஒருத்தியே மூணு தடவை பாக்கணும். சீட்டுல இருந்து மருந்துக்கு ஒரு தடவை. மருந்துல இருந்து சீட்டுக்கு ஒரு தடவை. அப்புறம் எடுத்ததை மறைச்சுட்டு, புதுசா பாக்கற மாதிரி இன்னொரு தடவை. மறைக்கலைன்னா கண்ணு ஏமாத்திடும். முன்னாடி பாத்ததையே மறுபடி பாத்ததாக் காட்டும்.

— மூணு வருஷமா?

— மூணு வருஷமா.

— அப்ப வீட்டுல ஏன் பண்ணலை?

— தெரியலையே.

— எனக்குத் தெரியுது! பின்னாடி பதில் இருக்கே! அதான் உங்க ரெண்டாவது ஆளு. தப்பா இருந்தா அது பிடிச்சுக்கும்னு கை நம்புது, ஒரு தடவையோட விட்டுடுது. ஹால்ல பின்னாடி யாரும் இல்ல. கை தானா கவுன்ட்டருக்குப் போயிடுது. இருபத்திரெண்டு கேள்விக்கு அறுபத்திரெண்டு நிமிஷம்னா ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் நாப்பத்தொன்பது. இப்ப எடுத்தது ரெண்டு அம்பத்தொண்ணு. அண்ணி, ரெண்டு செகண்டுதான் வித்தியாசம்! வண்டி மெதுவா ஓடலை, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் மூணு தடவை கதவைத் திறந்து மூடுது!

— குதிக்காதே, டீ கொட்டும்.

— பிடிச்சாச்சு, விடுங்க. இனிமே ஒரு தடவைதான் போடணும். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கு. தினமும் பதில் பக்கம் இல்லாம போட்டுப் பழகுங்க. மறைக்கற கையைக் கட்டிப் போட்டாவது—

— முடியாது.

— என்னது?

— ஃபாரத்தை மூடு.

— அண்ணி, இவ்வளவு தூரம் வந்துட்டு—

— ஆறு வாரம் இந்தக் கையை ஒரு தடவைக்குப் பழக்கினா, திங்கக்கிழமை கவுன்ட்டர்ல அது எத்தனை தடவை பாக்கும்? நீ சொல்லு. கைக்கு இது பரீட்சை, இது ஆஸ்பத்திரின்னு பிரிச்சுத் தெரியுமா? இப்பவே தெரியலையே, அதனாலதானே ரெண்டு தடவை தோத்தேன்!

— கொஞ்ச நாளைக்குத்தானே...

— போன மழைக்காலத்துல குழந்தைங்க வார்டுல இருந்து ஒரு சீட்டு. டாக்டர் அரைங்கறதைப் புள்ளி போட்டு அஞ்சுன்னு எழுதியிருக்காரு, புள்ளி மங்கிப் போய் முழு அஞ்சு மாதிரி இருக்கு. முதல் தடவை அஞ்சுன்னுதான் எடுத்தேன். ரெண்டாவது தடவையும் அஞ்சுன்னுதான் தெரிஞ்சுது. மூணாவது தடவை, மறைச்சுட்டுப் பாத்தப்பதான், நாலு கிலோ குழந்தைக்கு அஞ்சு எப்படி எழுதுவாருன்னு உறைச்சுது. போன் பண்ணிக் கேட்டா, அரை. அந்தப் பிள்ளை பத்தாம் நாள் வீட்டுக்குப் போச்சு. அதோட அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

— அப்ப அந்த நாற்காலி?

— நாற்காலி எதுக்கு எனக்கு? அதுல உக்காந்து முதல் கையெழுத்தே அந்த ரெண்டாவது ஆளைப் போடறதுக்குத்தான். அந்த நாற்காலிக்குப் போறதுக்காக மூணாவது தடவை பாக்கறதை விட்டுட்டு, நடுவுல ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? வேண்டாம்மா. இப்படியே இருந்துக்கறேன்.

— அண்ணி, எனக்கு அழறதா உங்களை அடிக்கறதான்னு தெரியலை. ஏன்னு தெரியாம எட்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டீங்க. ஏன்னு தெரிஞ்சு அரை நிமிஷம் ஆகலை, அதனாலயே வேண்டாங்கறீங்க!

— தெரிஞ்சதாலதான் சொல்றேன்.

— நாலரை ஆகப்போகுது.

— ஆகட்டும். மெஷின் நின்னுடுச்சு, துணியைக் காயப் போடணும்.

— துணி ஓடிப் போகாது, உக்காருங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன். அந்த ரிட்டயர் ஆனவர் கூட இருந்த காலத்துல, இந்தக் கை என்ன பண்ணிச்சு?

— அப்ப என்ன? அப்ப ராஜ வாழ்க்கை. ஒரே தடவைதான். மருந்தை எடுத்து ட்ரேயில வைப்பேன், சீட்டுல என் கையெழுத்தைக் கிறுக்குவேன், ட்ரேயை இடது பக்கம் தள்ளுவேன். அவரு எடுத்துப் பாப்பாரு. தள்ளின நிமிஷம் அது என் கையை விட்டுப் போச்சு. திரும்பிப் பாக்க மாட்டேன். க்யூ எல்லாம் அப்ப சரசரன்னு நகரும்.

— பன்னெண்டு வருஷம் அப்படியா?

— பதிமூணு.

— அவரு லீவு போட்டா?

— அன்னிக்கு மூணு தடவை. மறுநாள் வந்தாருன்னா பழையபடி ஒரு தடவை.

— குழப்பம் வராதா?

— அதுல என்ன குழப்பம்? இடது பக்கம் ஆள் இருந்தா தள்ளுவேன், இல்லைன்னா...

— இல்லைன்னா?

— அந்தக் கிழிச்ச பக்கம் உன் பையிலயே இருக்கட்டும். ஒரு கட்டு வெள்ளைத் தாள் எடு.

— எதுக்கு?

— ஹால்லயும் கணக்குப் போடத் தாள் குடுப்பான், கேக்கக் கேக்கக் குடுப்பான். அஞ்சாவது கணக்குல இருந்து டைம் வை. ஒரு கணக்குக்கு ஒரு தாள். வாயை மூடிக்கிட்டு இரு.

— வச்சாச்சு.

— ...

— ...

— ...ம். தள்ளு.

— யாரைச் சொல்றீங்க, என்னையா?

— உன்னை இல்ல. பேசாதே. ...ம். ...ஆச்சு, இதுவும் போச்சு.

— அண்ணி, டீ கப்பு! கப்பைத் தள்ளிட்டீங்க!

— துடைச்சுக்கலாம். எவ்வளவு?

— ஒண்ணு அம்பத்திமூணு. ஒண்ணு நாப்பத்தாறு. கடைசி ரெண்டு நிமிஷம் மூணு செகண்டு, அதுவும் நான் கத்தினதால. கையே மறைக்கலை அண்ணி! நான் பாத்துக்கிட்டே இருந்தேன், பேனா ஓரத்துல ஏதோ கிறுக்குது, தாள் இந்தப் பக்கம் வந்து விழுது. பதில் பக்கமும் என் பையில இருக்கு. எப்படி?

— கைக்குப் புதுசா எதையும் பழக்க வேண்டாம்டி. ஒரு தடவை எப்பன்னும் மூணு தடவை எப்பன்னும் அதுக்கு ஏற்கெனவே தெரியும்.

— ஆனா ஹால்ல உங்களுக்கு இடது பக்கம் யாரு இருக்கா?

— மார்க் போடறவன். சரிபாக்கறதுதானே அவன் வேலை? நான் ஒரு தடவை போடுவேன், ஓரத்துல கையெழுத்து வைப்பேன், தாளை இடது பக்கம் தள்ளிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவேன். அந்த ரெண்டு கட்டத்தையும் நிரப்பி அனுப்பு.